ஆர்கன்சால வாத்து வேட்டை ட்ரிப், எச்1பி விசால இருக்கேன், முதல் தடவை, என்னென்ன தயார் பண்ணணும்?

ஃப்ரிஸ்கோ_குமரன்:

வணக்கம். ஆபீஸ்ல என் டீம்ல ஆறு பேரு வருஷா வருஷம் ஜனவரில ஆர்கன்சா போறாங்க, ஸ்டட்கார்ட்னு ஒரு ஊரு, அதுக்கு வெளிய வயக்காட்டுக்கு நடுவுல ஒரு லாட்ஜ், மூணு ராத்திரி தங்கி கைடு வச்சு மூணு காலை வாத்து வேட்டை. இந்த தடவை ஒருத்தருக்கு முழங்கால் ஆபரேஷன், அவரு இடம் காலியா இருக்கு வர்றியான்னு கேட்டாங்க, நானும் சரின்னுட்டேன், அட்வான்சும் கட்டியாச்சு.

இப்ப ராத்திரி படுத்தா ஒவ்வொண்ணா மண்டைக்குள்ள ஓடுது. நான் இதுவரைக்கும் துப்பாக்கிய தொட்டதே இல்ல. ஒரு கொலீக் அவரோட ரெண்டாவது ஷாட்கன தரேன்னு சொல்லியிருக்காரு, இந்த சனிக்கிழமை ரேஞ்சுக்கு வா பழகிக்கலாம்னு கூப்பிடறாரு. விசால இருக்கவங்க அதெல்லாம் தொடலாமா? லைசென்ஸ் டெக்சாஸ்ல எடுக்கணுமா ஆர்கன்சால எடுக்கணுமா? லாட்ஜ்ல அனுப்புன லிஸ்ட்ல வேடர்ஸ் (தண்ணி புகாத கால்சட்டை), வேடர் பெல்ட், ஸ்டீல் ஷெல் (ஸ்டீல் குண்டு வச்ச தோட்டா), ஸ்ட்ராப் (அடிச்ச வாத்த மாட்டற வார்)னு போட்டிருக்கு, எதை வாங்கறது எதை வாடகைக்கு எடுக்கறதுன்னு தெரியல. டிப் எவ்வளவு குடுக்கணும்? குளிரு எப்படி இருக்கும்?

இன்னொரு விஷயமும் இருக்கு. எனக்கு ஊரு மதுராந்தகம் பக்கம். சின்ன வயசுல தாத்தா சைக்கிள் கேரியர்ல உக்கார வச்சு வேடந்தாங்கல் ஏரிக்கரைக்கு கூட்டிட்டுப் போவாரு, அது கிளுவை, அது ஊசிவால், அது ஆண்டி வாத்துன்னு ஒவ்வொண்ணா காட்டுவாரு. அதே ஊசிவாலும் ஆண்டி வாத்தும் ஸ்டட்கார்ட்ல வர்ற வாத்து லிஸ்ட்லயும் இருக்கு. கறி சாப்பிடறவன்தான், அதுல ஒண்ணும் இல்ல, ஆனாலும் மனசுக்குள்ள ஒரு மாதிரி இருக்கு. போயிட்டு வந்தவங்க யாராவது உள்ளபடி சொல்லுங்க.

மெம்பிஸ்_பாண்டி:

தம்பி, மொதல்ல அந்த சனிக்கிழமை ரேஞ்ச நிப்பாட்டுங்க. இத படிச்ச உடனே அந்த கொலீக்குக்கு மெசேஜ் போடுங்க, மத்தது அப்புறம் பேசலாம்.

ஏன்னா எச்1பி, எல்1, எஃப்1, எச்4 மாதிரி நான்-இமிக்ரன்ட் விசால இருக்கவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குத்தம். சொந்தமா வாங்குனாத்தான் தப்புன்னு நம்மாளுங்க நிறைய பேரு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அப்படி இல்ல, அடுத்தவரு துப்பாக்கிய ரேஞ்சுல அஞ்சு நிமிஷம் வாங்கி சுட்டாலும் அது கையில வச்சிருந்த கணக்குத்தான். ஆனா அதே சட்டத்துல ஒரு விதிவிலக்கு இருக்கு, அமெரிக்கால ஏதாவது ஒரு மாநிலம் குடுத்த வேட்டை லைசென்ஸ், காலாவதி ஆகாதது, உங்ககிட்ட இருந்தா அந்த தடை உங்களுக்கு கிடையாது. கிரீன் கார்டு வந்துட்டா இந்த பேச்சே இல்ல. நானும் ஏழு வருஷம் எச்1பில இருந்துதான் வேட்டைக்கு போனேன், அந்த ஏழு வருஷமும் லைசென்ஸ் பிரிண்ட் ஒண்ணு பர்ஸ்ல, ஒண்ணு வண்டி டாஷ்போர்டுல, ஒண்ணு போன்ல வச்சிருந்தேன். உங்க கேஸ்ல வேற ஏதாவது சிக்கல் இருந்தா ஒரு இமிக்ரேஷன் வக்கீல்ட்ட அரைமணி நேரம் பேசிருங்க, அந்த காசு தண்டம் இல்ல.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, அத கவனிங்க. ஆர்கன்சால வெளி மாநிலத்துக்காரங்களுக்கு சில நாளைக்கு மட்டும் செல்லுற லைசென்ஸ் ஒண்ணு உண்டு, வேட்டைக்கு அது போதும், விலையும் கம்மி. ஆனா அது அந்த தேதிக்கு மட்டும்தான். நீங்க டிசம்பர்ல டல்லாஸ் பக்கம் பறக்க விடற களிமண் தட்டு சுட்டு பழகப்போறீங்கன்னா அன்னைக்கு உங்க கையில செல்லுபடியாகற லைசென்ஸ் எதுவும் இருக்காது. அதனால இப்பவே டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் ஒண்ணு எடுத்துருங்க, அது ஆகஸ்ட் 31 வரைக்கும் ஓடும். அது கையில வந்தப்புறம் ரேஞ்சுக்கு போங்க. அப்புறம் ட்ரிப் தேதிக்கு ஆர்கன்சா லைசென்ஸ்.

ஹண்டர் எஜுகேஷன் கோர்ஸும் வேணும். ஆர்கன்சால 1969லயும் அதுக்கு அப்புறமும் பொறந்தவங்க எல்லாருக்கும் அது கட்டாயம், டெக்சாஸ் கார்டு அங்க செல்லும். டெக்சாஸ்ல 17 வயசும் அதுக்கு மேலயும் இருக்கவங்க முழுசா ஆன்லைன்லயே முடிச்சிரலாம். சும்மா கிளிக் பண்ணி தள்ளாதீங்க, வரப்பு ஏறும்போது, வேலி தாண்டும்போது, படகுல ஏறும்போது துப்பாக்கிய என்ன பண்ணணும்னு அதுல வர்றதெல்லாம் அங்க நெசமாவே நடக்கும்.

ஆர்கன்சா கேம் அண்ட் ஃபிஷ் கமிஷன் சைட்ல லைசென்ஸ் எடுக்கும்போது கூடவே மூணு விஷயம் பாத்துக்கங்க, மாநில வாட்டர்ஃபவுல் (நீர்ப்பறவை) ஸ்டாம்ப், ஹிப் ரெஜிஸ்ட்ரேஷன், ஃபெடரல் டக் ஸ்டாம்ப். ஸ்டாம்புன்னா வாத்து வேட்டைக்கான அனுமதிச் சீட்டு மாதிரி. ஹிப்புங்கறது போன வருஷம் எத்தன பறவை அடிச்சீங்கன்னு கேக்கற சின்ன கேள்வி பதிவு, நீங்க சைபர்னு போடுவீங்க, ஆனா போட்டே ஆகணும். டக் ஸ்டாம்ப் 25 டாலர், 16 வயசும் அதுக்கு மேலயும் இருக்க எல்லாரும் வச்சிருக்கணும். காகித ஸ்டாம்பா வாங்குனா அதுமேல மையில கையெழுத்து போடணும், போடாத ஸ்டாம்பு செல்லாது. போன்ல இருக்க இ-ஸ்டாம்பும் இப்ப சீசன் முழுக்க செல்லும்.

அப்புறம் ஈயம். வாத்து வேட்டைக்கு ஈயக் குண்டு 1991லருந்து நாடு முழுக்க தடை, ஸ்டீலு, பிஸ்மத்து, டங்ஸ்டன் இதுதான். சுடறது மட்டும் இல்ல, பைக்குள்ள இருந்தாலே தப்பு. மூணு வருஷம் முன்னாடி எங்க செட்ல ஒரு பையன், நல்லவன், எதையும் ஒழுங்கா செய்யறவன், முந்தின வாரம் களிமண் தட்டு சுட்ட அதே ஜாக்கெட்டோட வந்துட்டான். காலைல எட்டரை மணிக்கு கேம் வார்டன், அதாவது வேட்டை விதிய பாக்கற அதிகாரி, தண்ணிக்குள்ள நடந்து வந்தாரு, குட் மார்னிங் சொன்னாரு, எல்லாரையும் பைய காலி பண்ணச் சொன்னாரு. அவன் உள்பைல ரெண்டு சிவப்பு ஷெல், ஈயம். ஒரு வாத்து கூட அவன் சுடல அன்னைக்கு. டிக்கெட்டு எழுதிட்டாரு. பயிற்சிக்கு ஒரு ஜாக்கெட்டு, வேட்டைக்கு வேற ஜாக்கெட்டு, இத மட்டும் செஞ்சிருங்க. விசால இருக்கும்போது ஒரு சின்ன டிக்கெட்டு கூட நமக்கு வேண்டாம்.

கடன் வாங்கற துப்பாக்கில பிளக் (அதிக ஷெல் ஏறாம தடுக்கற அடைப்பு) இருக்கான்னு பாருங்க. மொத்தம் மூணு ஷெல்லுக்கு மேல ஏறக்கூடாது, சேம்பர்ல ஒண்ணு மேகசின்ல ரெண்டு. வேற வேட்டைக்கு பிளக்க கழட்டிட்டு திரும்ப போட மறந்திருப்பாங்க. வீட்டுலயே அவர போட்டு காட்டச் சொல்லுங்க.

லிட்டில்ராக்_மீனா:

பாண்டி அண்ணா சட்டம் எல்லாம் சொல்லிட்டாரு, நான் குளிரும் லாட்ஜும் சொல்றேன். நானும் என் வீட்டுக்காரரும் அஞ்சு சீசனா போறோம், முதல் ரெண்டு வருஷம் நான் சும்மா கூட போயி பாத்தேன், அதுக்கப்புறம்தான் சுட ஆரம்பிச்சேன்.

குமரன், ஜனவரில அங்க விடியக்காலைல ஃபாரன்ஹீட்ல முப்பதை ஒட்டி இருக்கும், சில நாள் இருபதுக்கும் போகும். இந்த நம்பர பாத்து டல்லாஸ்லயும்தான் அப்படி வருதேன்னு நெனச்சிராதீங்க, நீங்க தொடை வரைக்கும் தண்ணில மூணு நாலு மணி நேரம் அசையாம நிக்கப் போறீங்க, அது வேற. காட்டன் ஒண்ணு கூட உடம்புல இருக்கக்கூடாது, பனியன் ஜட்டி உட்பட. ஈரமான காட்டன் ஒட்டிக்கிட்டு உடம்புச் சூட்ட உறிஞ்சிரும். உள்ள மெரினோ உல்லன், அதுமேல ஃப்ளீஸ், அதுமேல காத்தும் மழையும் தாங்கற கோட்டு. சாக்ஸ் ரெண்டு மூணு போட்டு ஷூவ டைட்டாக்காதீங்க, ரத்தம் ஓடாம விரல் இன்னும் ஜில்லிடும், தடிமனா ஒரு ஜோடி உல்லன் சாக்ஸ் போதும். கையுறை ரெண்டு செட்டு கட்டாயம், வாத்த இழுக்கறதுக்கு தண்ணில மிதக்க விடற பொம்மை வாத்து எடுத்து வைக்கும்போது ஒண்ணு நனையும், அது நிச்சயம்.

வேடர்ஸ் பத்தி. காலோட பூட்ஸும் சேர்ந்து நெஞ்சு வரைக்கும் வர்ற மாடல் எடுங்க. முதல் தடவைங்கறதால வாடகைக்கோ கடனாவோ கிடைச்சா சரிதான், ஆனா முந்தின நாளே போட்டு பாத்ரூம் டப்புலயோ அபார்ட்மென்ட் குளத்துலயோ பத்து நிமிஷம் நில்லுங்க. எனக்கு முதல் வருஷம் இடது முழங்கால் கிட்ட தையல்ல ஊசிமுனை அளவு ஓட்டை. இருட்டுல தெரியல, ஜில்லுனு ஒரு கோடு மாதிரி கீழ இறங்குச்சு, ஒரு மணி நேரத்துல கணுக்கால் வரைக்கும் தண்ணி, ஒன்பது மணிக்கு பல்லு கிட்டி பேச முடியல, கைடு என்னை பாத்துட்டு ஒரு வார்த்தை பேசாம படகுல ஏத்தி லாட்ஜுக்கு கொண்டு போயிட்டாரு. பத்து நிமிஷ டெஸ்ட்டுல தெரிஞ்சிருக்கும். அந்த பெல்ட்டு அழகுக்கு இல்ல, விழுந்தா வேடர்ஸுக்குள்ள தண்ணி ரொம்பாம தடுக்கறது அதுதான், இறுக்கி கட்டுங்க. தண்ணிக்குள்ள நடக்கும்போது காலை தூக்கி வைக்காம தேய்ச்சு தேய்ச்சு நடங்க, கீழ மரக்கட்டை கெடக்கும்.

பொண்ணுங்க யாராவது இத படிச்சா, முன்னாடி முழு ஜிப் வச்ச வேடர்ஸ் வாங்குங்க, பாத்ரூம் போக வேண்டிய நேரத்துல அதோட அருமை தெரியும். புக் பண்ணும்போதே கைடுகிட்ட வெக்கப்படாம கேளுங்க, பிளைண்ட்ல (ஒளிஞ்சு நிக்கற மறைவிடத்துல) என்ன வசதி இருக்குன்னு. நான் கேட்டேன், அவங்க அதை சாதாரணமா எடுத்துக்கிட்டு ஒரு தடுப்பு கட்டி வச்சாங்க.

லாட்ஜ் வாழ்க்கை எப்படின்னா, நாலு நாலரைக்கு எழுப்பிருவாங்க, காபி, பிஸ்கட், சாசேஜ், உடனே கிளம்பணும். சூரியன் ஏழு தாண்டித்தான் வரும், சுட அனுமதி உதயத்துக்கு அரைமணி நேரம் முன்னாடி. பத்து பதினோரு மணிக்கு திரும்பி வந்து பெரிய சாப்பாடு, அப்புறம் தூக்கம், சாயங்காலம் நெருப்ப சுத்தி கதை. ரூம்ல நாலு பேரு பங்க் கட்டில்ல படுப்பீங்க, காதுக்கு அடைப்பான் எடுத்துக்கங்க, குறட்டைக்கு ஒண்ணு, துப்பாக்கி சத்தத்துக்கு தனி. பீஃப், போர்க் சாப்பிட மாட்டீங்கன்னா ஒரு வாரம் முன்னாடியே சமையல்காரருக்கு சொல்லிருங்க. நான் ஒரு டப்பா பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், பிளாஸ்க் நிறைய சுக்குக் காபி கொண்டு போவேன், எங்க கைடு இப்பல்லாம் என்னை பாத்ததும் அந்த காபி இருக்கான்னுதான் முதல்ல கேக்கறாரு.

தனியா ஒரே இந்தியனா இருப்போமேன்னு யோசிக்காதீங்க. வேலைல கை கொடுங்க, பொம்மை வாத்து மூட்டைய தூக்குங்க, நாய்க்கு பேர் கேட்டு தடவிக் கொடுங்க. அது போதும்.

ஸ்கார்பரோ_தவம்:

குமரன், நான் கனடாவில இருக்கிறன், ஒவ்வொரு ஒக்டோபரும் சஸ்கச்சுவானுக்கு கூஸ் வேட்டைக்கு போறனான். இஞ்ச சட்டம் வேற, முதலில துவக்கு லைசன்ஸ் எடுக்கோணும், அதுக்கு தனி கோர்ஸ், அதாலை அதைப் பற்றி நான் கதைக்கேல்லை. சுடுற விசயம் மட்டும் சொல்லுறன்.

லைசன்ஸ் வந்த பிறகு களிமண் தட்டு குறைஞ்சது நாலு அஞ்சு தரம் போய் சுடுங்கோ. கதிரையில இருந்து எழும்பிச் சுடுறமாதிரியும் பழகுங்கோ, ஏனெண்டா வயலில பிட் பிளைண்ட் எண்ட குழிக்குள்ள இருந்துதான் எழும்புவியள். எந்தக் கண் உங்கட பிரதான கண் எண்டு முதல் நாளே பாருங்கோ. குந்தாவை (துவக்கின்ர பின்கட்டையை) ஒவ்வொரு தரமும் கன்னத்தில ஒரே இடத்தில வையுங்கோ, தடிச்ச கோட்டோட ஒருக்கா வீட்டில வச்சுப் பாருங்கோ, ரீசேட்டோட சரியா வாறது கோட்டோட மாட்டுப்படும். சுடுறதுக்கு இல்லை, தூக்கி வைக்கிறதுக்கு, ஒரு நாளைக்கு இருபது தரம், துவக்கு வெறுமையா இருக்குதெண்டு ரெண்டு தரம் பார்த்துப்போட்டு.

ஸ்டீல் ஈயத்தை விட பாரம் குறைவு, தூரத்தில வேகமும் கெதியா குறைஞ்சு போகும். அதாலை ஈயத்தில நாலாம் நம்பர் எண்டால் ஸ்டீலில ரெண்டாம் நம்பர். முப்பத்தைஞ்சு யார், மிஞ்சினால் நாற்பது, அதுக்கு மேல சுடாதேங்கோ. இதை நான் நெஞ்சில கைவச்சுச் சொல்லுறன். எனக்கு ரெண்டாவது வருசம் அந்தரப்பட்டு ஐம்பது அறுபது யாரில போன கூஸ் ஒண்டுக்கு சுட்டன். காலொண்டு தொங்கினது, ஆனா விழேல்லை, அப்பிடியே தாழப் பறந்து வயலுக்கு அங்கால பத்தைக்குள்ள இறங்கிச்சுது. மத்தியானம் வரைக்கும் தேடினன், கிடைக்கேல்லை. அண்டைக்கு அடிச்ச மற்றப் பறவைகள் ஒண்டும் எனக்கு நினைவில்லை, அது மட்டும் நிக்குது.

கைடு சொன்னாப் பிறகுதான் எழும்போணும். உங்களுக்கெண்டு ஒரு பக்கம் தருவினம், அதுக்குள்ள மட்டும் சுடோணும், பக்கத்து ஆளின்ர தலைக்கு மேலால குழல் போகவே கூடாது. தாழப் பறக்கிற பறவையை விடுங்கோ, நாய் அங்கதான் நிக்கும்.

ஏரிக்கரை:

உதவி கேட்ட இடத்துல குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். நான் செங்கல்பட்டு மாவட்டம்தான், பறவை கணக்கெடுப்புக்கு போறவன். வேடந்தாங்கல்ல ஊர்க்காரங்க பறவைங்க எச்சம் கலந்த ஏரித்தண்ணிய வயலுக்கு பாய்ச்சி, அதுக்கு பதிலா அதுங்கள காவல் காத்தாங்க. 1798லயே அன்னைக்கு இருந்த கலெக்டர்கிட்ட இங்க யாரும் சுடக்கூடாதுன்னு கேட்டு வாங்குன ஊரு அது. சிவகங்கைல கொள்ளுக்குடிப்பட்டில இன்னைக்கும் தீபாவளிக்கு வெடி வெடிக்கறதில்ல, பறவை பயந்துரும்னு. நம்ம நாட்டுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டைங்கற பேச்சே போயிருச்சு. அப்படி ஒரு மண்ணுல இருந்து போன புள்ள, ஆயிரக்கணக்கான மைல் பறந்து களைச்சு வர்ற பறவைய காசு குடுத்து லாட்ஜ்ல தங்கி சுடணுமா? தம்பியே மனசு ஒரு மாதிரி இருக்குன்னு எழுதியிருக்காரு, அதை கொஞ்சம் கேட்டுப் பாருங்க.

மெம்பிஸ்_பாண்டி:

ஐயா, நீங்க கேட்டது நியாயமான கேள்வி. நான் பாத்தத சொல்றேன், ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் உங்க விருப்பம்.

இங்க சதுப்பு நிலம் அழிஞ்சுக்கிட்டே வந்தப்ப 1934ல டக் ஸ்டாம்ப் கொண்டு வந்தாங்க, அப்ப விலை ஒரு டாலர். அதுல வர்ற பணத்துல நூத்துக்கு 98 பங்கு ஈரநிலம் வாங்கறதுக்கும் காப்பாத்தறதுக்கும் போகுது, இதுவரைக்கும் 60 லட்சம் ஏக்கருக்கு மேல காப்பாத்தியிருக்காங்க. அந்த நிலத்துல வாத்து மட்டும் இல்ல, நாரை, கொக்கு, ஆமை எல்லாம்தான் இருக்கு. 1955லருந்து வசந்த காலத்துல விமானத்துல பறந்து கனடா, டக்கோட்டா பக்கம் குட்டைங்கள்ல கூடு கட்டற வாத்த எண்ணறாங்க, அந்த எண்ணிக்கைய வச்சுத்தான் எத்தன நாள், எத்தன பறவைன்னு முடிவாகுது. எங்க பக்கம் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் ஆறு வாத்து, அதுல மல்லார்ட் (ஆணுக்கு தலை பச்சையா இருக்கற வாத்து) நாலு, அந்த நாலுல பொட்டை ரெண்டுக்கு மேல கூடாது.

தப்பு பண்றவங்களும் இருக்காங்க, அதையும் மறைக்கல. நான் முதல் வருஷம் போன ஒரு இடத்துல ஒரே பிளைண்ட்ல பத்து பேர அடைச்சாங்க, யாரு எத்தன அடிச்சாங்கன்னு கணக்கே இல்ல, எல்லாத்தையும் ஒரே குவியலா போட்டாங்க. அடுத்தவன் பங்க நாம அடிக்கறது சட்டப்படி தப்பு. ரெண்டாவது நாள் காலைல நான் போகல, பணமும் திரும்ப வரல. குமரன், அதனாலதான் லிஸ்ட்ல ஸ்ட்ராப் போட்டிருக்காங்க, உங்க வாத்து உங்க ஸ்ட்ராப்ல மட்டும் தொங்கணும். அதே மாதிரி தண்ணில மக்காச்சோளமோ தானியமோ கொட்டி வச்சிருக்கறத பாத்தீங்கன்னா அங்க சுடாதீங்க, இரை போட்டு சுடறது தடை, கைடு போட்டாருன்னு சொல்லி நீங்க தப்ப முடியாது. அறுத்த நெல்லு வயல்ல சிந்துன நெல்லு கெடக்கறது வேற, அது பரவாயில்ல.

ஃப்ரிஸ்கோ_குமரன்:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை ரேஞ்ச் கேன்சல் பண்ணிட்டேன், கொலீக்குக்கு விசா விதிய சொன்னேன், அவருக்கும் இது தெரியாது, ரொம்ப நேரம் மன்னிப்பு கேட்டாரு. டெக்சாஸ் லைசென்ஸ் எடுத்தாச்சு, கோர்ஸ் பாதி முடிச்சாச்சு.

ஏரிக்கரை ஐயா, நீங்க எழுதினத ரெண்டு நாளா திரும்பத் திரும்ப படிச்சேன். தாத்தா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு யோசிச்சேன். அவரு கோழி வளத்து அடிச்சு சாப்பிட்டவருதான், ஆனா ஒரு இறகு வீணாப்போனா திட்டுவாரு. நான் போறேன் ஐயா. அடிச்சத எல்லாம் சாப்பிடுவேன், ஆறுன்னு சட்டம் சொன்னா நான் ரெண்டோட நிறுத்திக்கறேன், அது எனக்கு நானே வச்ச கணக்கு.

டிப் மட்டும் யாரும் சொல்லல. ஃப்ரிஸ்கோலருந்து ஓட்டிட்டுத்தான் போறோம், ஆறு மணி நேரம், திரும்பும்போது வாத்த எப்படி கொண்டு வர்றது?

ஏரிக்கரை:

சரி தம்பி. உங்க மனசு தெரியுது. ஒண்ணே ஒண்ணு, கனடா நண்பர் சொன்ன மாதிரி, விழுந்தத தேடாம விட்டுட்டு வராதீங்க.

மெம்பிஸ்_பாண்டி:

டிப் வழக்கமா ட்ரிப் காசுல 15ல இருந்து 20 சதவீதம், கைடுக்கு கையில காசா. சமையல்காரருக்கும் வாத்து சுத்தம் பண்றவருக்கும் தனி. சின்ன நோட்டா மாத்தி கொண்டு போங்க, அங்க ஏடிஎம் தேடி அலையாதீங்க.

வாத்த சுத்தம் பண்ணும்போது ஒரு றெக்கையோ இல்ல தலையோ உடம்போட ஒட்டியே இருக்கணும், இறகோட, வீடு வந்து சேர்ற வரைக்கும். வார்டன் நிறுத்துனா என்ன இனம்னு அதை வச்சுத்தான் பாப்பாரு. லாட்ஜ்ல உரிக்கறவரு பழக்கத்துல எல்லாத்தையும் வெட்டிரப் போறாரு, முன்னாடியே சொல்லிருங்க. உங்க வாத்த வேற ஒருத்தரு வண்டில அனுப்புனீங்கன்னா உங்க பேரு, அட்ரஸ், எத்தன, என்ன இனம், அடிச்ச தேதி எழுதி கையெழுத்து போட்ட டேக் கட்டணும். 2022லருந்து காட்டுப் பறவைங்கள்ல பறவைக் காய்ச்சல் இருக்கு, அதனால உரிக்கும்போது ரப்பர் கையுறை போடுங்க, செத்துக் கெடக்கற, சோர்ந்து கெடக்கற பறவைய தொடாதீங்க, நல்லா வேக வச்சு சாப்பிடுங்க, உள்ள 165 ஃபாரன்ஹீட் வரணும்.

ஃப்ரிஸ்கோ_குமரன்:

போயிட்டு வந்துட்டேன், ஞாயித்துக்கிழமை ராத்திரி வீடு சேர்ந்தேன். சொல்லணும்னு தோணுது.

முதல் நாள் காட்டுக்குள்ள, தண்ணி நிக்கற ஓக் மரங்களுக்கு நடுவுல. இருட்டுல ஒரு மரத்துல முதுக சாச்சு நிக்கச் சொன்னாரு கைடு, மேல பாக்காத, முகம் வெளிச்சமா தெரியும்னாரு. தண்ணிமேல கண்ணாடி மாதிரி மெல்லிசா ஐஸ், நாய் நடந்தா கிர்ர்னு உடையுது. மீனா அக்கா சொன்னபடி குளத்துல டெஸ்ட் பண்ணினதுல என் வாடகை வேடர்ஸ்ல கசிவு கண்டுபிடிச்சு மாத்தியிருந்தேன், கால் கடைசி வரைக்கும் காஞ்சே இருந்துச்சு. வெளிச்சம் வந்ததும் மேல றெக்கை சத்தம், விசில் மாதிரி. கைடு வாத்து மாதிரி கத்தற ஊதுகுழல வாயில வச்சு ஊதறாரு, காலால தண்ணிய உதைக்கறாரு, பொம்மை வாத்தெல்லாம் அசையுது. பச்சைத்தலை மல்லார்டுங்க பத்துப் பதினஞ்சு கிளைங்களுக்கு நடுவுல காலை நீட்டிக்கிட்டு இறங்குதுங்க. நான் சுடவே இல்ல, அதை பாத்துக்கிட்டே நின்னுட்டேன். கைடு ஒண்ணும் சொல்லல, தோள்ல ஒரு தட்டு தட்டினாரு.

ரெண்டாவது நாள் நெல்லு வயல்ல, வரப்புல தோண்டுன பிட்டுக்குள்ள. ஒரு ஆண் மல்லார்ட், இருபத்தஞ்சு யார்டு, ஒரே ஷாட். அப்புறம் ஒரு கிளுவை, அது றெக்கைல பட்டு வரப்புக்கு அந்தப் பக்கம் புல்லுக்குள்ள விழுந்துருச்சு. கைடு எல்லாரையும் நிறுத்தச் சொல்லி துப்பாக்கிய காலி பண்ண வச்சு, நாய விட்டாரு, நானும் கூடவே இறங்கி தேடினேன். இருபது நிமிஷம். நாய் ரெண்டு தடவ வெறும் வாயோட வந்துச்சு. ஏரிக்கரை ஐயா ஞாபகம்தான். மூணாவது தடவ ஒரு மடைக்குழாய் வாயில இருந்து எடுத்துட்டு வந்துச்சு. கையில வாங்கினப்ப இவ்வளவு சின்னதா, சூடா இருந்துச்சு. தாத்தா காட்டுன அதே பச்சைக் கண்ணாடி இறகு. அன்னைக்கு அதோட நிறுத்திட்டேன். மூணாவது நாள் இன்னொரு மல்லார்ட்.

வார்டனும் வந்தாரு, லைசென்ஸ், ஸ்டாம்ப், பிளக், பை எல்லாம் பாத்தாரு, ரெண்டு நிமிஷம்தான். பாண்டி அண்ணா, மனசுக்குள்ள உங்களுக்கு கும்பிடு போட்டேன்.

இப்ப ரெண்டு மல்லார்டும் ஒரு கிளுவையும் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. வீட்டம்மா நாட்டு வாத்து குழம்பு வைப்பாங்க, இது எப்படின்னு கேக்கறாங்க.

லிட்டில்ராக்_மீனா:

ரொம்ப சந்தோஷம் குமரன். நாட்டு வாத்துல இருக்கற அளவு இதுல கொழுப்பு கெடையாது, கறி கருஞ்சிவப்பா இருக்கும், ஈரல் வாசம் லேசா அடிக்கும். கறிய ஒரு ராத்திரி உப்புத்தண்ணில போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு, காலைல ரத்தத்த பிழிஞ்சு கழுவிருங்க. காலும் எலும்பும் குக்கர்ல சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி கொஞ்சம் கூட வச்சு, தேங்காய் அரைச்சு ஊத்தி குழம்பு, கோழிய விட நாலஞ்சு விசில் கூட ஆகும். நெஞ்சுக்கறிய மெல்லிசா அரிஞ்சு நல்லெண்ணெய்ல மிளகும் சோம்பும் கறிவேப்பிலையும் போட்டு சுக்கா, அது குக்கருக்கு போகக் கூடாது, ரப்பராயிரும். கிளுவைய தோலோட முழுசா மசாலா தடவி வறுங்க, அதுதான் எல்லாத்துலயும் ருசி.

சமைக்கறதுக்கு முன்னாடி நெஞ்சுக்கறிய விளக்கு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு கருப்பா ஓட்டை தெரியுதான்னு பாருங்க, அதுக்குள்ள குண்டு இருக்கும், இறகையும் உள்ள இழுத்துட்டுப் போயிருக்கும். ஸ்டீல் பல்ல உடைச்சிரும். ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்க காந்தத்த ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி கறி மேல மெதுவா ஓட்டுங்க, ஸ்டீல் குண்டுங்கறதால மேலாக இருக்கறது அப்படியே வந்து ஒட்டிக்கும். ஆழத்துல இருக்கறது வராது, அதுக்கு விரலால அமுக்கி அமுக்கி பாக்கணும். போன மாசம் எங்க வீட்டுல ஒரே நெஞ்சுல மூணு எடுத்தேன்.